குனிந்து ஓட்டும் வண்டியும் குமரி மாவட்டச் சாலைகளும்

பந்தய வண்டி போலக் குனிந்து ஓட்டும் கஃபே ரேசர் வகை மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர் முதலில் கணக்கிட வேண்டியது எஞ்சினின் சி.சி.யை அல்ல, தாம் அன்றாடம் போய்வரும் வழியைத்தான் என்பது என் கருத்து. இந்த வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போக முடியாது. ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் தனித்தனியாகக் கவ்வி நிற்கும் கிளிப்-ஆன் கைப்பிடிகள் முன்னுடலைக் கீழே சாய்க்கின்றன. பின்னால் தள்ளி வைத்திருக்கும் ஃபுட்ரெஸ்ட் முழங்காலை மடக்கி வைக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் கைக்குச் சிரமம் தெரிவதில்லை. இருபதில் ஊரும்போது அந்தத் தாங்கல் இல்லாமல் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. குமரி மாவட்டத்து நெடுஞ்சாலையில் நாம் பெரும்பாலும் ஊரத்தான் செய்கிறோம்.

என் வீடு தக்கலையில், வேலை நாகர்கோவிலில். களியக்காவிளையிலிருந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று வரும் இந்தச் சாலையில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் எதுவென்று வெளியூர்க்காரருக்குக் கண்டுபிடிக்க முடியாது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நான்குவழிச் சாலையோ எங்களுக்கு இன்னும் பேச்சாகவும் மண்மேடாகவும்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே புதிய வண்டி எதுவாக இருந்தாலும் அலுவலகத்துக்குப் பழைய ஸ்கூட்டர்தான் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். அந்தத் தீர்மானம் எடுக்க மனமில்லாதவர்கள் இந்த வகை வண்டியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே வண்டியை வைத்துச் சந்தைக்கும் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலும் விட வேண்டும் என்றால் இது தோதுப்படாது.

அப்படியானால் இது எதற்கு? இந்த வடிவம் பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது. லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938-இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் திறக்கப்பட்ட ஏஸ் கஃபே, 1950-களில் மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்த இளைஞர்களின் கூடாரமாயிற்று. கையில் காசு குறைவு, கனவோ பந்தய வண்டி. சாதாரண வண்டியை வாங்கி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்து, கைப்பிடியைத் தாழ்த்தி, மணிக்கு நூறு மைல் தொட்டுவிட வேண்டும் என்று ஒரு தேநீர்க் கடைக்கும் அடுத்த தேநீர்க் கடைக்கும் இடையே பறந்தார்கள். நார்ட்டன் சட்டகத்தில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தி, இரண்டு பெயரையும் ஒட்டி டிரைட்டன் என்று அழைத்தார்கள். அந்தக் கடை 1969-இல் மூடப்பட்டு 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. நமக்கு வேண்டிய செய்தி இதில் ஒன்றுதான்: இந்த வண்டி தொலைதூரப் பயணத்துக்காகப் பிறந்ததல்ல, சிறிய தூரத்தை மனம் நிறைய ஓட்டுவதற்காகப் பிறந்தது.

1,672 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் எங்கள் மாவட்டத்துக்கு அது பொருந்தி வருகிறது என்பதுதான் இங்கே என் வாதம். லடாக் போக வேண்டும் என்பவர்களுக்கு வேறு வண்டிகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையை விட்டு விலகிவிட்டால் காலை ஆறு மணிக்கு இங்கே கிடைக்கும் சாலைகள் வேறு மாவட்டக்காரர்கள் பொறாமைப்படும்படியானவை. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை போகும் சாலையில் வயல் முடிந்ததும் ரப்பர் தோட்டம் தொடங்கும். வளைவுக்கு வளைவு நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறும் சாலையும் அப்படித்தான். மேற்குக் கடற்கரைச் சாலையில் முட்டம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று போய்வரலாம். எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டமல்ல. மணிக்கட்டு வலிக்கத் தொடங்குவதற்குள் ஒரு சாயாக்கடை வந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது மட்டும் முப்பந்தல் பக்கம் எந்த வண்டியிலும் வேகம் காட்டக் கூடாது. குனிந்து உட்கார்வதால் காற்று படும் பரப்பு குறையும் என்பது உண்மையே ஆனாலும், பக்கவாட்டில் அறையும் காற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

என் பார்வையில் இருந்தவை இரண்டு வண்டிகள். ஒன்று ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650; மற்றொன்று டிரையம்ஃப் 2025 ஆகஸ்டில் இந்தியாவில் வெளியிட்ட த்ரக்ஸ்டன் 400. இரண்டாவதைத் திருவனந்தபுரத்தில் ஓட்டிப் பார்த்தேன். 398 சி.சி., ஒற்றை சிலிண்டர், முகப்பில் அரைவட்டக் கவசம், கைக்கு இலகுவான எடை. சுறுசுறுப்பில் அதற்கு நிகரில்லை. ஆனாலும் என் மனம் ஜிடியின் இரட்டை சிலிண்டர் பக்கம்தான் சாய்ந்தது.

அதற்குக் காரணம் பழமை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஜிடி என்ற பெயர் பழையதுதான்: 1960-களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு 250 சி.சி.யில் ஒரு கான்டினென்டல் ஜிடி வெளியிட்டது. பிரிட்டனின் வடகிழக்குக் கோடியிலுள்ள ஜான் ஓ'க்ரோட்ஸுக்கும் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுக்கும் இடையே 24 மணி நேரத்துக்குள் அதை ஓட்டிக் காட்டி விளம்பரம் செய்தார்கள். லேண்ட்ஸ் எண்ட் என்றால் நிலத்தின் முனை; அப்படியொரு முனையில் வாழும் எங்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. பின்னர் 2013-இல் 535 சி.சி.யில் அந்தப் பெயர் திரும்பி வந்தது. 2018-இல் 650 வந்தது. ஆனால் அந்தப் பழைய தோலுக்குள் இருக்கும் எஞ்சின் பழையதல்ல. அக்காலத்து பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். அதனால் வந்த அதிர்வில் போல்ட்டுகள் தாமாகவே கழன்றுகொள்ளும் என்பது அந்த வண்டிகளை வைத்திருந்தவர்களின் பொதுவான புலம்பல். இந்த 648 சி.சி. எஞ்சினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் இரண்டு முழங்கைகளும் 270 பாகை விலகி நிற்கின்றன. ஒரு சிலிண்டர் வெடித்து 270 பாகை கழித்து மற்றது வெடிக்கும், அடுத்த வெடிப்புக்கு 450 பாகை காத்திருக்க வேண்டும். சைலன்சரில் கேட்கும் அந்த விட்டுவிட்டு வரும் தாளம் இதனால் கிடைப்பது. அதிர்வை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட்டும் இருப்பதால் கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகையைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. போதும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது ஷோரூம்காரர்கள் வெறிச்சோடிய சாலையைத்தான் காட்டுவார்கள். நான் வண்டியை வடசேரி, வேப்பமூடு, கோட்டாறு என்று நெரிசலுக்குள்ளேயே கொண்டுபோனேன். கோட்டாற்றில் ஒரு சரக்கு ஆட்டோ குறுக்கே நின்றுவிட, பின்வாங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. கைப்பிடி ஓரளவுக்கு மேல் மடங்காததால் ஒரே வீச்சில் திரும்பவில்லை. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைக் காலால் உந்தி முன்னும் பின்னும் நகர்த்தித்தான் வெளியே வந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு சுருக்கென்ற வலி தொடங்கியிருந்தது. அதன்பின் சுங்கான்கடை பக்கம் கொஞ்சம் இடம் கிடைத்தபோது மூன்றாவது கியரில் திராட்டிலைத் திருகினேன்; வலி காற்றோடு போயிற்று. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பணக் கணக்கு அத்தனை இனிமையானதல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது, 40 ஆக உயர்ந்தது. நான் பார்த்த த்ரக்ஸ்டனும் ஜிடியும் இந்தக் கோட்டுக்கு மேலேதான் நின்றன. ஜிடியின் ஷோரூம் விலையே அப்போது மூன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. அதன்மேல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தமிழ்நாட்டில் 12 விழுக்காடு ஆயுள் வரி, ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு என்று ஏறிக்கொண்டே போகும். என் அத்தான், வாழ்நாளெல்லாம் புல்லட் தவிர வேறு வண்டியை ஏறிட்டுப் பார்க்காதவர், விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, "இவ்வளவு சக்கரத்தையும் குடுத்துட்டு குனிஞ்சிட்டுப் போகணுமா மாப்ள?" என்று கேட்டார். சக்கரம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பணம். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அதே பணத்தில் 350 சி.சி. வண்டி ஒன்றை வாங்கி, மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு கூரைத்தளம் போடலாம் என்பது அவர் கணக்கு. வண்டி வாங்குவதில் எல்லாக் கணக்கும் லாப நட்டக் கணக்காக இருக்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

பழைய புல்லட்டையோ ஆர்எக்ஸ் 100-ஐயோ வாங்கி, பட்டறையில் கொடுத்துக் கஃபே ரேசராக மாற்றிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சட்டகத்தின் பின்பகுதியை அறுத்து, இருக்கையைக் குறுக்கி, டேங்க்கை மாற்றினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். ஏஸ் கஃபே இளைஞர்களின் வழியை அப்படியே பின்பற்றும் காலம் இதுவல்ல.

சக்கரத்தில்தான் வெகுநேரம் தயங்கினேன். கம்பிச் சக்கரம் இல்லாத கஃபே ரேசர் கண்ணுக்கு முழுமையாகப் படாது, எனக்கும் அப்படித்தான். ஆனால் மண்டைக்காட்டில் கடற்கரையோரம் வசிக்கும் நண்பர் ஒருவரின் வண்டியை உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் ரிம்முக்குள் நுழையும் நிப்பிளில் பழுப்பாகத் துரு பூத்திருந்தது. துணியால் துடைத்தால் போவதில்லை, நகத்தால் சுரண்டினால் குரோம் பொடியாக உதிர்ந்தது. தென்மேற்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் உப்புக்காற்று எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை. அதோடு கம்பிச் சக்கரத்தில் டியூப் இருக்கும். கீரிப்பாறைக்குப் போகும் வழியில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றாமல் தீராது. 2023-இல் வந்த அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் கொண்ட வகைகளில் எஞ்சினும் சைலன்சரும் கறுப்புப் பூச்சோடு வருகின்றன. குரோம் டேங்க் வண்டியை ஷோரூமில் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நீலநிற அலாய் வண்டிக்கு முன்பணம் கட்டினேன். கடற்கரைச் சாலையில் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்பது எந்தச் சக்கரத்துக்கும் பொது.

இருக்கை விஷயத்தில் முடிவெடுத்தது அம்மா. பின்னால் கூம்பு வைத்த ஒற்றை இருக்கையின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு, "மக்களே, இதுல நான் எங்க இருக்கது?" என்றார். அம்மா இதில் ஏறப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் இருவர் அமரும் இருக்கையையே கேட்டு வாங்கினேன். வழியில் தெரிந்தவர் கை காட்டினால் நிறுத்தாமல் போவது நம் ஊரில் நடக்காத காரியம்.

வண்டியை எடுத்த அன்று உதிரிபாகக் கடைப் பையன் ஒருவன் சத்தம் கூடிய சைலன்சர் ஒன்றைக் காட்டி, "அண்ணே, இத மாட்டினாத்தான் வண்டி வண்டியா இருக்கும்" என்றான். போலீஸ்காரர் நம் கையில் அபராதச் சீட்டைக் கொடுக்கும் விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். விடிகாலையில் பூதப்பாண்டி அக்ரகாரத்தையும் தடிக்காரன்கோணத்துத் தெருக்களையும் எழுப்பிவிட்டுப் போகும் வண்டிக்கு அங்கே நெடுநாள் வரவேற்பு இருக்காது. கைப்பிடி முனையில் மாட்டும் வட்டக் கண்ணாடிகள் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். 500 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ். அதுவரை எஞ்சினை அதிகம் முறுக்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் பேச்சிப்பாறை ஏற்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.