நெய்வேலி லிக்னைட்டும் ஒரு கேள்வியும்

மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. கணக்குப் போட்டாலும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

நெய்வேலி லிக்னைட்டிலிருந்து, அதாவது பழுப்பு நிலக்கரியிலிருந்து, சோடியம் அயனி பேட்டரிக்கான ஹார்டு கார்பன் செய்கிறோம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கார்பன் அது. லிக்னைட்டை எவ்வளவு சூடாக்கினாலும் ஒழுங்கான கிராஃபைட் ஆகாது. அதில் ஆக்சிஜன் அதிகம். அது கார்பன் அடுக்குகளைக் குறுக்கே பிணைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவிடாமல் செய்துவிடுகிறது. கிராஃபைட் ஆகிற கார்பன், ஆகாத கார்பன் என்று விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். லித்தியத்துக்கு இடம் கொடுக்கும் கிராஃபைட், சோடியத்துக்குக் கொடுப்பதில்லை. இந்தக் கோணல்மாணலான கார்பன் கொடுக்கிறது. எரிக்க மட்டுமே லாயக்கு என்று நினைத்த பொருளின் குறையே இங்கே பயன்படுகிறது என்பதில் எனக்கு இன்றும் தீராத சந்தோஷம்.

கார்பன் அடுக்குகளின் ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடம் வந்த அன்று அதைத்தான் மாணவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கிராஃபைட்டுக்கு 26 டிகிரி கோணத்தின் பக்கம் ஊசிபோல் நிற்கும் உச்சம், எங்களுடையதில் சற்று இடப்புறம் தள்ளி, அகன்று தாழ்ந்திருந்தது.

"இது நல்லா வந்தா இன்னும் தோண்டுவாங்களா சார்?" என்று கேட்டான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பையன்.

"இதுக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம்பா" என்றேன்.

உண்மைதான். வெட்டி எடுத்த லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி ஈரம். மீதியிலும் பெரும்பகுதி உலையில் வாயுவாகவும் தாராகவும் போய்விடும். கால் பங்கு தேறினாலே அதிகம். அப்படியும், அங்கே ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் வெட்டுகிறார்கள், பெரும்பாலும் கொதிகலனுக்கு. எங்கள் தேவை அதில் ஒரு ஓரம்.

ஆனால் அவன் டன் கணக்கையா கேட்டான்? அனல்மின் நிலையங்கள் என்றாவது நிற்கும், அதோடு சுரங்கமும் நிற்கும் என்று அங்கே யாராவது காத்திருக்கலாம். அப்போது, எரிக்கத்தானே கூடாது, பேட்டரிக்கு எடுக்கலாமே என்று சொல்ல நாங்கள் ஒரு காரணத்தைத் தயார்செய்து கொடுத்துவிடுவோமோ? லிக்னைட் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு என்று திட்ட விண்ணப்பத்தில் எழுதியவன் நான்தான். அதுவும் உண்மையே.

கொட்டாங்குச்சியிலும் ஹார்டு கார்பன் செய்யலாம். அதற்கு யாருடைய வயலும் போகாது. ஆனால் அதை வாங்க ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் ஏற்கெனவே போட்டி போடுகின்றன, தரமும் ஊருக்கு ஊர் மாறும். இப்படியே எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பையன் வேலையை விடவில்லை. 1200, 1400 டிகிரி வெப்பத்தில் சுட்ட மாதிரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கொட்டாங்குச்சியிலும் ஒரு மாதிரி செய்து சேர்த்துப் பார் என்று அவனிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். அது நன்றாக வந்துவிட்டால் லிக்னைட்டை விட்டுவிடுவேனா என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.