எடுக்காதீங்க என்ற சொல்லின் பின்பாதி

தஞ்சை மாவட்டத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளிக்கு வாக்கி டாக்கிகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். தாளாளர் தம் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்து, துணி விரித்து வரிசையாக அடுக்கியிருந்த ஆறு செட்டுகளைப் பெருமையோடு காட்டினார். வாங்கி இரண்டாண்டுகள் ஆகியும் திரையில் ஒட்டியிருந்த தாள்கூட உரிக்கப்படவில்லை. சார்ஜ் ஏற்றாமலே கிடந்ததால் நான்கு பேட்டரிகள் செத்துப்போயிருந்தன. ஒன்று உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. “வாட்ச்மேன் கையில ஒண்ணு குடுத்திருக்கலாமே சார்?” என்று கேட்டேன். “இவ்வளவு விலை உள்ள பொருளை அவர்கிட்ட எப்படிங்க நம்பிக் குடுக்கிறது?” என்றார். நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அதே வாட்ச்மேனை நம்பித்தான் வாசலுக்குள் விட்டுக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வயர்லெஸ் கருவிகளைப் பொருத்துவதும் பழுதுநீக்குவதும்தான் என் பிழைப்பு. ஆலை, தேர்த்திருவிழா, மருத்துவமனை, பள்ளி என்று எல்லா வகை இடங்களுக்கும் போயிருக்கிறேன். ஆலையில் செட் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழுவதில்லை. கிரேன் ஓட்டுபவரிடம் ஒன்று, கீழே நின்று பார்ப்பவரிடம் ஒன்று, அவ்வளவுதான். பள்ளியிலும் அலுவலகத்திலும் மட்டும் அது பதவி வரிசையில் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. தாளாளர், முதல்வர், துணை முதல்வர், அலுவலக மேலாளர் என்று கொடுத்து முடிப்பதற்குள் வாங்கியவை தீர்ந்துவிடும். ஆபத்தை முதலில் கண்ணால் பார்க்கக்கூடிய வாயிற்காவலருக்கும் ஆயாவுக்கும் வேன் உதவியாளருக்கும் மிச்சம் இருப்பதில்லை.

பள்ளிப் பாதுகாப்பைப் பற்றி நான் முதன்முதலாக யோசித்தது 2004 ஜூலை 16 அன்று. அப்போது திருச்சியில் ஒரு வயர்லெஸ் கடையில் உதவியாளனாக இருந்தேன். கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோன செய்தி மதியத்துக்குள் கடைக்கு வந்துவிட்டது. அன்று யாரும் சாப்பிடவில்லை. அடுத்த சில மாதங்களில் பள்ளிகள் பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கின. எங்கள் தொழிலில் சிலர் அந்தச் செய்தித்தாள் படங்களைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார்கள். நானும் ஒருமுறை அவர்களோடு போயிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கட்டடத்துக்கு வேண்டியிருந்தவை தீப்பிடிக்காத கூரையும் அகலமான படிக்கட்டும் திறந்திருக்கும் வழியும்தான். எத்தனை செட் இருந்தாலும் கீற்று கீற்றுதான். அதனால் இன்றும் ஒரு பள்ளிக்குள் போனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் படிக்கட்டைத்தான் பார்க்கிறேன். அது அட்டைப்பெட்டிகளாலும் உடைந்த பெஞ்சுகளாலும் அடைபட்டிருந்தால், முதலில் அதைக் காலி செய்யுங்கள், பிறகு விலை பேசலாம் என்று சொல்லிவிடுவேன். இதனால் இரண்டொரு வியாபாரம் கைநழுவியதும் உண்டு.

உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்லெண்ணம் உள்ள நிர்வாகங்களும் மாட்டிக்கொள்கின்றன. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டில், குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை என்று 2018 விதிகள் சொல்கின்றன. அப்போதும், அந்த வகைக் கருவி விதிக்கு உட்பட்டது என்று அரசு தரும் வகை ஒப்புதல் இருந்தாக வேண்டும். நான்கைந்து வாட் திறனுள்ள தொழில்முறை செட்டுகளுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவில் அலைவரிசை ஒதுக்கீடு பெற வேண்டும். இதையெல்லாம் சொல்லாமலே இணையக் கடைகளில் கண்டபடி விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025-இல்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அட்டையில் ‘ஐந்து கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அது வெட்டவெளியில், மேட்டில் நின்று பேசுபவருக்கான கணக்கு. கான்கிரீட் கட்டடத்துக்குள் அதே செட் இரண்டு மாடி தாண்டத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே கேட்கும், எங்கே கேட்காது என்பதை அறிய நான் செய்வது மிக எளிய வேலை. வாட்ச்மேனிடம் ஒரு செட்டைக் கொடுத்து, பொத்தானை அழுத்தியபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு பள்ளி முழுவதும் நடக்கச் சொல்வேன். நான் வாசலில் உட்கார்ந்து, காதில் விழும் எண்களைத் தாளில் குறிப்பேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, பிறகு நேராக ஐம்பது என்று வந்தால், இடையில் விழுங்கப்பட்ட எண்களை அவர் எங்கே சொன்னார் என்று திரும்பி நடந்து பார்ப்போம். பெரும்பாலும் அது மாடிப்படிக்கு அடியிலிருக்கும் இருட்டறையாகவோ, இரும்புக் கதவு போட்ட பண்டக அறையாகவோ இருக்கும். மருத்துவமனை என்றால் ஈயத்தகடு அடித்த எக்ஸ்ரே அறை. நுழைவதற்கு இடைவெளியே இல்லாவிட்டால் அலை என்ன செய்யும்? கட்டடத்துக்குள் 450 மெகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள யு.எச்.எஃப். செட்டுகளை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலை, 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள, இரண்டு மீட்டர் நீளமான வி.எச்.எஃப். அலையைவிட எளிதாகச் சன்னல் வழியாகவும் நடைவழி வழியாகவும் நுழைந்து வரும் என்பதுதான். அப்படியும் செவிடாக இருக்கும் இடங்களுக்கு ரிப்பீட்டர், அதாவது வரும் அலையை வாங்கி வலுவாக்கி மறுபடி அனுப்பும் கருவி, வைக்க வேண்டும். இந்த நடையில் எனக்குக் கிடைக்கும் வரைபடத்தைவிட வாட்ச்மேனுக்குக் கிடைக்கும் பழக்கம் பெரிது. நடந்து முடிப்பதற்குள் செட் அவர் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இத்தனையும் சரியாகச் செய்து கொடுத்த ஒரு பள்ளியில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. கார்த்திகை மாதத்து அடைமழை மாலை. பிள்ளைகள் குடையும் பையுமாக நெருக்கியடித்துக்கொண்டு பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் எண் பேருந்தின் பின்சக்கரத்தருகே, உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க ஒரு சிறு பெண் குனிந்ததை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். உடனே செட்டை எடுத்து, “மூணாம் நம்பர் எடுக்காதீங்க” என்றார். பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் பேச்சு போகும். ஆனால் பதற்றத்தில் சொல்லி முடிப்பதற்குள் பொத்தானை விட்டுவிட்டார். பேருந்துக்குள் உதவியாளர் காதில் விழுந்தது “மூணாம் நம்பர் எடுக்க…” என்பது மட்டும். அவர் ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தார், வண்டி நகர்ந்தது. வாட்ச்மேன் செட்டைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையால் பேருந்தின் தகட்டில் படபடவென்று அறைந்தார். அந்தச் சத்தத்துக்கு வண்டி நின்றது. பாட்டில் மட்டும் நசுங்கிப் போயிற்று.

மறுநாள் என்னை அழைத்தார்கள், செட்டில் கோளாறு என்று. பரிசோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். திறன், அலைவரிசை, ஒலி, எதிலும் பழுதில்லை. வாட்ச்மேனிடம் நடந்ததை மறுபடி செய்து காட்டச் சொன்ன பிறகுதான் விளங்கியது. தமிழில் ‘வேண்டாம்’ என்பது வினையின் வாலில் இருக்கிறது. திற என்பதும் திறக்காதே என்பதும், எடுக்கலாம் என்பதும் எடுக்காதீங்க என்பதும் பிரிகிற இடம் கடைசிச் சில அசைகள்தான். பொத்தானை முன்னதாகவே விட்டுவிடுகிறவர் வாயில் தடை ஆணையாகிவிடுகிறது. அதே பள்ளியின் துணை முதல்வர் ஆங்கிலத்தில் பேசுவார். அவருக்கு நேர்மாறான சிக்கல். பொத்தான் முழுதும் அழுந்துவதற்கும், ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்கும் ஒரு நொடியில் சிறு பங்கு ஆகும். அதற்குள் பேசத் தொடங்கினால் ‘டோன்ட் ஓபன்’ என்பதில் ‘டோன்ட்’ போய்விடும். இருபதாண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தும், மொழியின் அமைப்பைச் செட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. கருவியோடு வரும் கையேடுகளும் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அன்றிலிருந்து பயிற்சி கொடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அழுத்தியதும் மனத்துக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும், முடித்ததும் ஒன்று எண்ணிவிட்டுத்தான் விட வேண்டும். அவசரத்தில் எதிர்மறைச் சொல்லே கூடாது. எடுக்காதீங்க என்பதற்கு ‘நில்’, திறக்காதீங்க என்பதற்கு ‘மூடு’. அதையும் மூன்று முறை. முதலில் இடம், பிறகு செய்தி. “ஐயா வணக்கம் ஐயா, நான் பின் கேட்டுல இருந்து பேசுறேங்கய்யா” என்று தொடங்கினால் தீ அதற்குள் ஒரு சுவரைத் தாண்டியிருக்கும் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மரியாதைச் சொல்லை விடுவதுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முதல்வரே முன்வந்து, செட்டில் என்னை ஐயா என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்ன பிறகே அது கொஞ்சம் தளர்ந்தது.

கருவி இருந்தும் ஒரு பொத்தானால் கெட்டுப்போன கதை உலக அளவிலும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்பு வீரர்களின் செட்டுகள் உயரமான மாடிகளுக்குக் கேட்பதற்காகவே ஒரு ரிப்பீட்டர் பொருத்தப்பட்டிருந்தது. அதை முழுமையாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் ஒன்று அழுத்தப்பட்டது, மற்றது அழுத்தப்படவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் ரிப்பீட்டர் பழுது என்று கருதிவிட்டார்கள் என்று விசாரணைக் குழுவின் 2004 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அத்தனை பெரிய ஊரில், அத்தனை பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி என்றால், பீரோவில் பூட்டி வைத்த ஆறு செட்டுகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொரு குறை, நான் பார்த்த பள்ளிகளில் பாதிக்கு மேல் இருந்தது. ஒருவர் பேசுவது அந்தச் சானலில் உள்ள எல்லோருக்கும் கேட்கும் என்பதுதான் இந்தக் கருவியின் பலம். அதுவே, ஒருவரைத் திட்டினால் எல்லோர் முன்னாலும் திட்டியதாகிவிடும் என்ற கேடாகவும் திரும்புகிறது. ஒரு பள்ளியில், பின்வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று ஆயா சொல்ல, அது மாணவர் ஒருவரின் தாத்தா என்று தெரிந்ததும், மேலாளர் சானலிலேயே அவரைக் கடிந்துகொண்டார். அதன் பிறகு ஆறு மாதம் அந்த ஆயா ஒருமுறைகூடப் பொத்தானைத் தொடவில்லை. “நமக்கெதுக்குத் தம்பி வம்பு” என்றார் என்னிடம். பத்துத் தவறான எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்ளாத நிர்வாகத்துக்குப் பதினோராவதாக வரும் உண்மையான எச்சரிக்கை கிடைக்காது. செட்டில் கண்டிப்பு கூடாது என்பதை இப்போது நான் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்பது எனக்கும் தெரியும்.

கைப்பேசியும் வாட்ஸப் குழுவும் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2018 நவம்பர் 16-ஐ நினைவூட்டுவேன். கஜா புயல் அன்று விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் ஊமையாயின. முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கு நான்கு செட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அவற்றின் மேசைச் சார்ஜருக்கு வேண்டியது 12 வோல்ட்தான் என்பதால், ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டர் பேட்டரியில் கம்பி கொடுத்து இரவெல்லாம் ஏற்றினோம். சோறு வடிக்கும் இடத்திலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து சாலை முனைக்கும் பேச அந்த நான்கும் போதுமானவையாக இருந்தன. ரிப்பீட்டரும் தேவைப்படவில்லை, உரிமக் கட்டணம் கட்டிய ரசீதைத் தவிர வேறு காகிதமும் தேவைப்படவில்லை.

பீரோவில் செட் வைத்திருந்த அந்தப் பள்ளிக்குப் பிறகு ஆண்டுதோறும் போய்வருகிறேன். இப்போது காலை எட்டே காலுக்கு வாசல், பின்வாசல், கீழ்மாடி, மேல்மாடி, பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தைச் சொல்லி, ‘கேட்குது’ என்று பதில் வாங்கிக்கொள்கிறார்கள். கடந்த முறை ஆறு செட்டுகளையும் என் மேசையில் பரப்பித் துடைத்தேன். தாளாளருடையது வாங்கிய நாள் போலவே மின்னியது. கீழ்மாடி ஆயாவுடையதில் பொத்தானின் மேலிருந்த ரப்பர் தேய்ந்து, அழுத்தும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புது ரப்பர் போட்டுக் கொடுத்தேன். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கெட்டியா இருக்குதே தம்பி” என்றார். பழகினால் இளகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.