லே கா ஃபியூ: தளபதியின் வாழ்க்கைக் குறிப்பைத் தொகுத்த முறை

வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக 1997 டிசம்பர் முதல் 2001 ஏப்ரல் வரை இருந்தவர் லே கா ஃபியூ. அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதியபோது கைகொடுத்த முறையைக் கீழே தருகிறேன். ஒரே கட்சி ஆளும் நாட்டுத் தளபதிகளைப் பற்றி எழுதும் எவருக்கும் இது உதவும்.

முதலில் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ராணுவப் பொறுப்பு, வலப்பக்கம் கட்சிப் பொறுப்பு. தான் ஹோவா மாகாணத்தில் 1931இல் பிறந்தவர், 1949இல் கட்சியில் சேர்கிறார். படையில் சேர்வது 1950இல்தான். அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். அவர் வளர்ந்தது அரசியல் ஆணையராக. போரை நடத்துவது தளபதி, படைக்குள் கட்சியின் பிடி தளராமல் பார்த்துக்கொள்வது ஆணையர். எந்தப் போரில் வென்றார் என்று தேடினால் நேரம்தான் வீண்.

1991இல் ராணுவ அரசியல் பொதுத்துறையின் தலைவராகிறார். அதே ஆண்டு கட்சியின் மத்தியக் குழு, 1992இல் கட்சியின் செயலகம், 1994 ஜனவரியில் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் தலைமைக் குழு. வலப்பக்கம் மளமளவென்று நிரம்பும்போது இடப்பக்கத்தில் பொறுப்பு மாறவே இல்லை. அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, கட்சி ஒழுங்கு எல்லாம் அந்தத் துறை வழியாகத்தான் போகும். அவரைத் தூக்கிவிட்டது அந்த நாற்காலி.

தோள்நட்சத்திரத்தை இந்திய ராணுவக் கணக்கில் எண்ணக் கூடாது. அங்கே பிரிகேடியர் கிடையாது. ஜெனரல் வரிசையில் நான்கு படிகள். ஃபியூ எட்டியது கீழிருந்து மூன்றாவது படி.

அடுத்த சிக்கல் தேதிகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்சி மாநாடுகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் தவறு வரும். 1994இல் கிடைத்த இடமும் 1997இல் கிடைத்த தலைமையும் மாநாடுகளுக்கு நடுவே வந்தவை. இடையில் நடந்த கூட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பலர் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. 1997இல் பதவி விட்ட பொதுச் செயலாளர் தோ முவோய், குடியரசுத் தலைவர் லே டக் அன், பிரதமர் வோ வான் கியெட் மூவரும் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியக் குழுவின் ஆலோசகர்கள் ஆனார்கள். புதிய தலைவரின் தலைக்கு மேல் மூன்று மூத்தவர்கள். இதை எழுதாமல் 2001இல் அவர் பதவி இழந்ததை விளக்கவே முடியாது.

வீழ்ச்சிப் பகுதிதான் கடினம். அதிகாரபூர்வக் குறிப்புகள் காரணம் சொல்லாது. எனவே உறுதியானதையும் பேசப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். உறுதியானவை: 2001 ஏப்ரல் ஒன்பதாவது மாநாட்டில் நோங் டக் மான் அவர் இடத்துக்கு வந்தார், மூத்தவர்கள் வகித்த ஆலோசகர் பதவியும் அத்தோடு முடிந்தது. பேசப்பட்டவை: ராணுவ உளவுப் பிரிவை வைத்துச் சக தலைவர்களைக் கண்காணித்தார், 1999இல் சீனாவுடன் செய்த நில எல்லை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தார், அரசியல் தலைமைக் குழு அவரைத் தொடரச் சொல்லியும் மத்தியக் குழு ஏற்கவில்லை. இவற்றுக்கு 'என்று செய்திகள் வந்தன' என்ற ஒட்டு கட்டாயம். மூத்தவர்களோடு மோதியதே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. கணிப்பு என்று சொல்லியே எழுதினேன்.

ராணுவப் பின்னணி காப்பாற்றும் என்று பொதுவாக எழுதிவிடவும் வேண்டாம். அவர் காலத்திலேயே, 1999 ஜனவரியில், கட்சியை விமர்சித்த முன்னாள் தளபதி டிரான் டோ கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவரும் அரசியல் அதிகாரியாக இருந்தவர்தான்.

2020 ஆகஸ்டில் ஃபியூ இறந்தபோது தேசிய துக்கம் கடைப்பிடித்தார்கள். அதைக் கட்சியின் மன்னிப்பாகப் படிக்கக் கூடாது. முன்னாள் பொதுச் செயலாளர் என்ற பதவிக்கு விதிப்படி உரிய மரியாதை அது.