ஆட்டோபைலட் நின்ற பிறகு

நடுக்கடலில் எது பழுதானால் ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பாய்மரம் முறிவதைச் சொல்வார்கள். இல்லையென்றால் எஞ்சினைச் சொல்வார்கள். போன ஜனவரியில் ஒரு பாய்ப்படகில் அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு என் பதில் வேறு. சுக்கானைத் திருப்பிக்கொண்டிருக்கும் சின்ன மோட்டார் நின்றுபோனால் படகில் உள்ள அத்தனை பேருடைய தூக்கமும் போய்விடும். தூக்கம் கெட்டவர்கள் கையில் ஒவ்வொரு சின்னப் பழுதும் பெரிய பழுதாகிவிடும்.

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். முன்பு என்னோடு வேலை பார்த்த டச்சுக்கார சீஃப் எஞ்சினியர் ஓய்வு பெற்று, மனைவியோடு 42 அடிப் படகு ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கிறார். 1980களில் கட்டிய ஃபைபர் படகு. அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். எனக்கு லீவு இருந்தது. எங்களோடு போர்ச்சுகல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவனும் சேர்ந்துகொண்டான். இன்றைக்கும் அவரை நான் சீஃப் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அந்தப் படகில் வழி பார்ப்பது, வானிலை பார்ப்பது, எந்தப் பாயை எப்போது இறக்குவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர் மனைவிதான்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில், சாவ் விசென்டே தீவில் இருக்கிறது மிண்டேலோ. அங்கிருந்து கரீபியனில் இருக்கும் மார்டினிக் தீவின் லெ மாரன் வரை ஏறத்தாழ 2,100 கடல் மைல். ஜனவரியில் அந்த வழி முழுக்க வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும், 15லிருந்து 25 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரை. நம்மூர்க் கடற்கரையில் வாடைக்கொண்டல் என்கிறோமே, அதே திசை. காற்று முதுகுப்பக்கம், அலையும் முதுகுப்பக்கம். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆனால் பின்காற்றில் படகு ஒரு நிமிடம்கூட சும்மா இருக்காது. இடமும் வலமுமாக உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதோ ஒரு கயிறு அதே இடத்தில் உரசுகிறது, ஏதோ ஒரு போல்ட் அதே பக்கம் இழுபடுகிறது. சஹாராவிலிருந்து வரும் செம்மண் தூசி வேறு. மிண்டேலோவை விட்டுக் கிளம்பிய முதல் சில நாட்கள் கயிறு, கப்பி, பாய் எல்லாம் பழுப்பாகப் படிந்திருந்தது. கயிற்று இழைக்குள் அது புகுந்தால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். பழுதுக்குப் புயல் வேண்டும் என்று அவசியமே இல்லை.

முதலில் போனது முன்பாயை மேலே பிடித்திருக்கும் கயிறு. நடுராத்திரி, மாணவனின் காவல் நேரம். 'பட்' என்று ஒரு சத்தம், பாய் முழுக்கத் தண்ணீரில். மூன்று பேர் சேர்ந்து இழுத்து மேலே ஏற்றினோம். பாய்மர உச்சியில் கப்பியை ஒட்டிய இடத்தில் அறுந்திருந்தது. உபரிக் கயிறு ஒன்று அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததால் யாரும் ஏற வேண்டி வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கயிற்றை ஒரு சாண் இறக்குவது அல்லது ஏற்றுவது என்று சீஃபின் மனைவி வழக்கம் வைத்தார். ஒரே இடம் உரசக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் செத்தது. இனி எஞ்சினை ஓட்டினாலும் பேட்டரி ஏறாது. சோலார் பலகைகள் தருவது மட்டும்தான் கணக்கு. ஃபிரிட்ஜை அணைத்தோம். மிண்டேலோ மார்க்கெட்டில் வாங்கிய மீனும் இறைச்சியும் அடுத்த இரண்டு வேளையில் தீர்ந்தன. இரவில் வோல்ட் மீட்டரைப் பார்ப்பது எல்லோருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. 12.2 வோல்ட் என்றால் பேட்டரி ஏறக்குறைய பாதி காலி. சுக்கானைத் தானே திருப்பும் அந்த மோட்டார், அதாவது ஆட்டோபைலட், ஒன்றே நான்கைந்து ஆம்பியர் குடிக்கும்.

அதுவும் நின்றது.

நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகவே பின்பக்கம் தரைக்கு அடியில் 'டக், டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ரூமில் வேலை பார்ப்பவனுக்கு அந்த மாதிரிச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு பெரிய அலை பின்பக்கத்தைத் தூக்கியது, சத்தம் உடையும் சத்தமாக மாறியது, படகு காற்றைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. சீஃப் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தார்.

சுக்கான் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த அறைக்குள் கை விடக்கூடாது. அதன் இரும்புக் கை இப்படியும் அப்படியும் வரும்போது விரல் நடுவில் இருந்தால் போச்சு. அதனால் முன்பாயைச் சுருட்டி, கொஞ்சமாக மட்டும் விட்டு, அதை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டினோம். சக்கரத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக் கட்டினோம். ஹீவ்-டு என்று இதைச் சொல்வார்கள். பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு கிட்டத்தட்ட நின்று பக்கவாட்டில் மெல்ல நகரும். அத்தனை நாள் உருண்டுகொண்டிருந்த படகு சட்டென்று அடங்கியதில், அடுப்பில் இருந்த கெட்டில் கிணுகிணுப்பதைக்கூட நிறுத்திவிட்டது.

பின் அறையைக் காலி செய்து, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்து உள்ளே போனேன். டீசல் வாடை, பாதி காய்ந்த உப்பு. மோட்டாரைப் படகோடு பிடித்திருந்த நான்கு போல்ட்களில் இரண்டு துண்டாகியிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பேறி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன மாதிரி வரிவரியாக இருந்தது. ஓரத்தில் ஒரு பிறைத்துண்டு மட்டும் பளபளவென்று புதிதாக. எந்த எஞ்சினியருக்கும் அதைப் படிக்கத் தெரியும்: பழுப்பு இடமெல்லாம் ரொம்ப நாளாக, கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டு வந்தது. இன்றைக்கு முறிந்தது அந்தப் பிறைத்துண்டு மட்டும்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் என்று பேர், ஆனால் ஈரம் இருந்து காற்றுப் படாத இடுக்கில் அதுவும் அரிக்கும். ஃபைபருக்குள் புதைந்திருக்கும் போல்ட்டுக்கு அதுதான் கதி.

இன்னும் தடிமனான போல்ட் போட்டு, பின்னால் மரப்பலகை முட்டுக் கொடுத்து இறுக்கினோம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளிருந்து கருகிய வாசனை வந்தது. ஏற்கெனவே திண்டாடிக்கொண்டிருந்த மோட்டாரின் செப்புக்கம்பிச் சுருள் எரிந்துவிட்டது. அதற்குமேல் அதில் செய்ய ஒன்றுமில்லை.

ஒரு சரக்குக் கப்பலில் இது நடந்தால் என்ன ஆகும்? சர்வதேச விதிப்படி சுக்கானுக்கு முக்கிய ஏற்பாடு ஒன்று, துணை ஏற்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவசரச் சுக்கான் ஒத்திகை நடத்த வேண்டும். எத்தனையோ முறை ஸ்டீயரிங் அறையில் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஒத்திகையில் நின்றிருக்கிறேன். எவ்வளவு பெரிய விஷயத்துக்காக அந்த விதியை எழுதினார்கள் என்று உடம்பு உணர்ந்தது அந்த வாரத்தில்தான்.

கையால் ஓட்ட ஆரம்பித்தோம். ஆளுக்கு இரண்டு மணி நேரம். பகலில் பரவாயில்லை. இரவில் நிலா இல்லாவிட்டால் முன்னால் இருப்பது சிவப்பு வெளிச்சத்தில் திசைகாட்டித் தட்டு மட்டும். ஒரு மணி நேரம் அதையே பார்த்தால், திரும்புவது தட்டா படகா என்று மூளை குழம்ப ஆரம்பிக்கும். பின்னாலிருந்து அலை தூக்கும்போது அரை விநாடி முன்னதாகவே சக்கரத்தைத் திருப்ப வேண்டும், தாமதித்தால் படகு பக்கவாட்டில் போய்விடும். இரண்டு மணி நேரம் முடிந்து கீழே இறங்கினால் தோள் விட்டுப்போயிருக்கும், ஆனால் தூக்கம் வராது. மாணவன் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டான். சீஃபும் அவர் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது ஒற்றைச் சொற்களாகச் சுருங்கியது. இரக்கமாக இருந்தது.

அந்த இரவுகளில் எனக்கு முன்னால் போனவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018 ஏப்ரலில், உலகைச் சுற்றி முடிக்கும் கடைசிக் கட்டத்தில், நம் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் ஓட்டிய தாரிணி என்ற பாய்ப்படகுக்குச் சுக்கான் கருவி பழுதாகி மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் ஒதுங்க வேண்டி வந்தது. சரிசெய்துகொண்டு மே 21ஆம் தேதி கோவா சேர்ந்தார்கள். 1966இல் சிட்னிக்குப் பாய்ப்படகில் தனியாகப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர் பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு, இன்னும் இரண்டாயிரம் மைலுக்கு மேல் இருக்கும்போது தானியங்கிச் சுக்கான் உடைந்தது. ஒரு சின்னப் பாயின் கயிற்றைச் சுக்கான் கட்டையில் கட்டி, பாயையே ஓட்ட வைத்துப் போய்ச் சேர்ந்தார். நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமியோ, 2022இல் தொடங்கிய, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்ப்படகுப் போட்டியில், காற்றாலேயே சுக்கானைத் திருப்பும் விண்ட்வேன் கருவியைச் சரிசெய்யக் கழிப்பறைக் கதவையே அறுத்தார். நான்கு வருடத்துக்கு முன் அதே போட்டியில் முதுகுத்தண்டு நொறுங்கி மீட்கப்பட்ட மனிதர், இந்த முறை இரண்டாவதாக வந்தார்.

விண்ட்வேன் எங்கள் படகிலும் இருந்தது. பழைய உரிமையாளர் பொருத்திய எஃகுக் கூடு பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருக்க வேண்டிய பலகைதான் இல்லை. அபிலாஷின் கதவு நினைவுக்கு வந்ததும் சீஃபை எழுப்பினேன். "கட்டிலுக்கு அடியில் இருக்கிற பிளைவுட் மூடி எவ்வளவு தடிமன், சீஃப்?" என்றேன். அவர் கேள்வியை முடிக்கவே விடவில்லை, ரம்பத்தைத் தேடப் போய்விட்டார்.

அந்தக் கருவியை ரசித்துச் சொல்லாமல் இருக்க முடியாது. மேலே காற்றில் ஒரு மெல்லிய பலகை, விளிம்பு காற்றைப் பார்த்து நிற்கும். கீழே தண்ணீரில் ஒரு துடுப்பு. படகு வழி விலகினால் காற்று பலகையின் முகத்தில் மோதிச் சாய்க்கும். சாய்ந்தால் துடுப்பு லேசாகத் திரும்பும். திரும்பிய துடுப்பைத் தண்ணீர் ஓட்டம் பலமாக ஒரு பக்கம் தள்ளும், அந்தத் தள்ளல் இரண்டு கயிறுகள் வழியாகச் சக்கரத்தை இழுக்கும். காற்று கட்டளை மட்டும் கொடுக்கிறது, வேலையைச் செய்வது தண்ணீர். ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை. படகு வேகமாகப் போகப் போகக் கருவிக்கு வலு கூடும். 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியிலேயே இதைக் கொண்டுவந்தவர் ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி.

எங்கள் பலகை முதலில் கனமாகிப்போனது. பின்காற்றில் படகும் காற்றோடு ஓடுவதால் பலகைமேல் படுகிற காற்று குறைவு. கனமான பலகை அதற்கு அசையாது. ஓரங்களை அறுத்துக் குறைத்து, உப்புத்தாள் போட்டு மெலிய வைத்தோம். பெரிய பாயை முழுக்க இறக்கிவிட்டு முன்பாயை மட்டும் கம்பால் விரித்து ஓடலாம் என்றார் சீஃபின் மனைவி. இழுவை முன்னாலிருந்து வந்தால் படகு தானே நேராகப் போகும், கருவிக்கு வேலை குறையும். அதுதான் திருப்பம். மாலையில் கயிறுகளை மாட்டி, சக்கரத்திலிருந்து கையை எடுத்தோம். படகு கொஞ்சம் பாம்பு நெளிவாகப் போனது, ஆனால் போனது. மாணவன் அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான். யாரும் அவனை எழுப்பவில்லை.

மிச்ச வழியில் எங்கள் எதிரி சர்காசம் பாசிதான். மஞ்சள் பழுப்பில் நீள நீளமாகக் கடலில் மிதக்கும். துடுப்பில் ஒரு கொத்து சிக்கினால் போதும், கருவி செவிடாகிவிடும். பின்பக்கம் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு குனிந்து, கொக்கிக் கம்பால் அதைத் தள்ளிவிட வேண்டும். இரவிலும் பகலிலும் அதற்காகவே ஒருவர் எழுந்திருக்க வேண்டியிருந்தது. அதை யாரும் வேலையாகவே நினைக்கவில்லை.

படகு இப்போது லெ மாரனில் நிற்கிறது. புதிய மோட்டார் வருகிறது. ஃபைபருக்குப் பின்னால் சரியான உலோகத் தகடு வைத்து, போல்ட்களை வருடா வருடம் கழற்றிப் பார்க்கும் விதத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் அசோர்ஸ் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள், லீவு கிடைத்தால் நானும் போவேன். விண்ட்வேனுக்கு உபரியாக இரண்டு பலகை, ஒரு துடுப்பு, இருபது மீட்டர் கயிறு. பட்டியலை சீஃபுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன்.