எட்டும் ஒன்பதும் வராத தாள்கள்

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-இல் தொடங்கியபோது, அதில் இணைந்த ஒவ்வோர் இடத்திலும் தகவல் பொட்டலங்களை வாங்கிக் கடத்தியது ‘இம்ப்’ என்ற தனிக் கணினி. இன்றைய ரவுட்டருக்குப் பாட்டன். ஹனிவெல் 516 இயந்திரத்தில் ஓடிய அந்த நிரலை பிபிஎன் நிறுவனத்தின் வில் க்ரௌதர், டேவ் வால்டன், பெர்னி கோசெல் எழுதினார்கள். பல ஆண்டுகள் கழித்து, எஞ்சிய அச்சுத்தாள்களை வைத்து வால்டனும் நண்பர்களும் அதை மறுபடி ஓடவைத்தார்கள். அதைத் தரவிறக்கி ஓட்டினால் வேலை முடிந்தது. வீம்புக்கு, ஸ்கேன் பக்கங்களைப் பார்த்து நானே தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

முதலில், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளை நம்பினேன். பக்கமெல்லாம் எட்டு! ஆனால் தாளின் இடப்புறம் இருப்பவை கணினிக்கான கட்டளைகள், 0 முதல் 7 வரை மட்டுமே கொண்ட எண்ம (ஆக்டல்) எண்களில். 8, 9 வரவே கூடாது. மங்கிய 3, 6, 0 எல்லாம் எட்டாகியிருந்தன. ஒவ்வொரு கட்டளையும் 16 பிட் என்பதால் ஆறு இலக்கம், அதில் முதலாவது 0 அல்லது 1 மட்டுமே. இந்த இரண்டு விதிகளே பாதிக் களையைப் பிடுங்கின.

வலப்புறம் அதே கட்டளைகள், மனிதர் எழுதும் அசெம்பிளி வரிகளாக. அந்த வரிகளை எண்ணாக்கும் சின்ன அசெம்பிளர் ஒன்றைப் பைத்தானில் எழுதி, வந்ததை இடப்புறத்தோடு ஒப்பிட்டேன். எல்.டி.ஏ. (நினைவகத்திலிருந்து எண்ணை எடு) என்றால் 004000-உடன் முகவரி சேர வேண்டும். சேராவிட்டால் இடப்புறமோ வலப்புறமோ என் கை தவறியிருக்கிறது. பல வார இரவுகளுக்குப் பிறகு வேறுபாடு பூஜ்யம்.

பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்எச் எமுலேட்டரில் இரண்டு இம்ப்களை ஏற்றி, தொலைபேசிக் கம்பிக்குப் பதில் யூடிபி என்ற இணைய நெறிமுறையால் இணைத்தேன். இரண்டும் ஓடின, இணைப்பு மட்டும் உயிர் பெறவில்லை. அண்டை இம்ப்புக்கு ‘ஹலோ’ அனுப்பி, ‘கேட்டது’ என்று பதில் வந்தால்தான் அந்தக் கம்பியை அது நம்பும்.

அப்பா அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “தனியா மெய்ப்பு பாக்கக் கூடாதுடா. ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் பாக்கணும்” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஸ்கேனைப் படிக்க உட்கார்ந்தார். மாறிலிகள் இருந்த பக்கத்தில், அவர் “ஆறு” என்ற இடத்தில் என்னிடம் 5 இருந்தது. வலப்புறமும் 5! இடப்புறத்தில் தவறாகப் பார்த்த எண்ணையே, வலப்புறத்தைப் பார்க்காமல் அங்கும் எழுதியிருக்கிறேன். அசெம்பிளர் எப்படிப் பிடிக்கும்?

திருத்தி ஏற்றினேன். இணைப்பு வந்தது.

“என்னடா சொல்லுது?”

“ஹலோங்குதுப்பா.”

“சரி. இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?” என்றபடி அடுத்த தாளைத் திறந்தார்.