நிற்கும் கார்தான் சிக்கல்

தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் இடமான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கார் அகலம் ஒன்றே முக்கால் மீட்டர். 7 மீட்டர் தார் என்று வைத்தால், இரண்டு ஓரமும் கார் நின்றதும் மிச்சம் மூன்றரை. பஸ்ஸுக்கே இரண்டரை வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒருவர் மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியதும் பதறி ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். சக்கரம் சுற்றிச் சுற்றித் தன் குழியைத் தானே பறித்துக்கொள்ளும். இருபுறமும் கடல் உள்ள இடத்தில் அகலப்படுத்த நிலம் ஏது?

ஜப்பானில் நாலு மீட்டர் தெரு சர்வசாதாரணம். 1962-ல் வந்த சட்டப்படி, கார் நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் காட்டி, போலீஸிடம் சான்று வாங்கினால்தான் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவுசெய்ய முடியும். ராத்திரி ஒரே இடத்தில் 8 மணி நேரம் தெருவில் நிறுத்துவது குற்றம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையின் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியவில்லை.

தனுஷ்கோடிக்கு வருவதோ வெளியூர்க் கார்கள்; அதற்கு வேறு வழி வேண்டும். வழியில் உள்ள முகுந்தராயர் சத்திரத்தில் காரை நிறுத்தவைத்து அங்கிருந்து பஸ் விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். சிங்கப்பூர் 1975-ல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் காலையில் கட்டணம் போட்டபோது இதைத்தான் செய்தது: எல்லையில் நிறுத்துமிடம், அங்கிருந்து பஸ். கட்டணம் பலித்தது, நிறுத்துமிடங்களோ பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. காரில் ஏறி உட்கார்ந்தவர் பாதி வழியில் இறங்கி வண்டி மாற மாட்டார். வீட்டுப் பக்கமே பஸ் ஏறினார்கள், அல்லது நாலு பேராகச் சேர்ந்து ஒரே காரில் போனார்கள். நாலு பேர் இருந்தால் கட்டணம் கிடையாது.

ஆகவே பஸ் ராமேஸ்வரத்திலேயே, ரயில் நிலையத்தையும் லாட்ஜ் தெருக்களையும் தொட்டுப் புறப்பட வேண்டும். போக 35 நிமிடம், வர 35, இரண்டு முனையிலும் பத்துப் பத்து: ஒரு சுற்று 90 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட 9 பஸ் போதும். 40 இருக்கை என்றால் மணிக்கு 240 பேர். அதே கூட்டம் காருக்கு நாலு பேராக வந்தால் 60 கார். திரும்பும் இடமும் சேர்த்துக் காருக்கு 25 சதுர மீட்டர், மொத்தம் 37 சென்ட்.

அரிச்சல்முனையில் வண்டிகள் திரும்பும் வட்டத்துக்குள் ஒரு கார்கூட நிற்கக் கூடாது. 12 மீட்டர் பஸ் அங்கே ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்தால் அத்தனை கணக்கும் கெடும். கடைசி பஸ் நேரம் அங்கேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒரு தடவை பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பம் அடுத்த தடவை காரில்தான் வரும்.