நான் கிழித்த தாள்

கிழித்ததோடு விட்டிருக்கலாம். துண்டுகளை ஆறிப்போன பிளேன்ரீக்குள் போட்டு, பேனை மூடியால் அமத்தி, மை கலங்கி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேனே, அது ஏன்? பத்து வருடம் கடந்த பிறகும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலின் முடிவுகள் வந்துகொண்டிருந்த இரவு, எங்கள் வானொலியின் முடிவு மேசை. அந்தத் தாளில் இரகசியம் எதுவும் இருக்கவில்லை. எல்லாம் தேர்தல்கள் செயலகம் வெளியிட்ட எண்கள். முடிவுத் தாளொன்றின் பின்பக்கத்தில், எங்களிடம் பயிலுநராக இருந்த தம்பி மூன்று நிரல் போட்டிருந்தார். முதல் நிரலின் தலையில் 10, அடுத்ததில் 15, மூன்றாவதில் ‘வித்.’ ஒவ்வொரு தெற்குத் தொகுதியிலும் 2010 இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவுக்குக் கிடைத்த வீதம், இன்றிரவு கிடைத்திருக்கும் வீதம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது நிரல் எட்டு, ஏழரை, எட்டு, ஒன்பது என்று கீழே போய்க்கொண்டிருந்தது. அடியில் 57.88 என்று எழுதி அதிலிருந்து எட்டைக் கழிக்கக் கோடும் போட்டிருந்தார். விடையை மட்டும் எழுதவில்லை.

57.88 என்பது 2010 இல் நாடு முழுவதும் அவர் எடுத்த வீதம். எட்டு போனால் ஐம்பதுக்குக் கீழே.

“வடக்கை விடுங்கோ அக்கா. தெற்கைப் பாருங்கோ” என்றார் தம்பி.

அன்றிரவு நாங்கள் எல்லோரும் வடக்கையும் கிழக்கையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவின் சின்னமான அன்னம் முன்னுக்கு நின்றது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 2010 இலும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, நுவரெலியா எல்லாம் சரத் பொன்சேகாவுக்குத்தான் போட்டன, நாட்டை வென்றது மகிந்த. ஆகவே இங்கிருந்து என்ன வந்தாலும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் மேசையில் எழுதாத சட்டம். தெற்கிலிருந்து முடிவு வரும், மகிந்தவின் வெற்றிலைச் சின்னம் வென்றிருக்கும், அறிவிப்பாளர் வாசிப்பார், பிறகு ஒரு பாட்டு. வென்ற தொகுதியில் எவ்வளவால் வென்றார் என்று யாரும் நின்று பார்க்கவில்லை. வேலைக்கு வந்து மூன்று மாதமான ஒரு பெடியன்தான் பார்த்தார்.

நான் சொன்னது இதுதான், சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது: “ஆணையாளர் சொல்லட்டும், நாங்கள் சொல்லுவம். அதுவரைக்கும் ஊகம் வேண்டாம்.”

“ஊகம் சொல்லச் சொல்லேல்லை அக்கா. போன முறை இவ்வளவு, இந்த முறை இவ்வளவு எண்டு வாசிச்சாக் காணும். ரெண்டும் அவையள் தந்த கணக்குத்தானே?”

“நீர் எத்தினை தேர்தல் பாத்திருக்கிறீர்?”

இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட உடனேயே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. “2005 இல வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டு இருந்தம். அதையும் சேர்த்தா எண்ணிச் சொல்லுறன்” என்றார்.

அவர் யாழ்ப்பாணம். அந்த வருடம் அவருக்குப் பதின்மூன்று வயது. புலிகள் புறக்கணிக்கச் சொன்ன தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூறு பேருக்கு ஒருவர், அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் வாக்குப் போட்டது. ரணில் விக்கிரமசிங்கவை 180,786 வாக்குகளால் மகிந்த வென்றார். தம்பிக்கு அந்த எண் தலைகீழாகத் தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். போடாத வாக்கின் விலையை அந்த எண்ணை வைத்துத்தான் பெரியவர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள். அப்படி வளர்ந்த ஒருவர் தெற்கின் வீதங்களைக் குந்தியிருந்து கழித்துப் பார்ப்பது விளையாட்டுக்கு இல்லை என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நான் தாளைக் கையில் வாங்கினேன். வாசிப்பேன் என்று நினைத்திருப்பார். நாலாக மடித்துக் கிழித்தேன். பிறகு அந்தக் கோப்பை.

என் பக்க நியாயத்தையும் சொல்கிறேன், அதுவும் பொய் இல்லை. முடிவு இரவில் நேரடி ஒலிபரப்பு செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு சொல் என்ன செய்யும் என்று. ‘முன்னிலை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வெற்றி’ என்று வாய் தவறினாலே தெருவில் வெடி கொளுத்துவார்கள், வேறொரு தெருவில் கல் விழும். வாக்கெண்ணும் நிலையத்திலிருந்து நேரடியாகத் தெரிந்தவர் சொன்னாலும், இராஜகிரியவில் உள்ள செயலகத்தில் தேர்தல் ஆணையாளர் மகிந்த தேசப்பிரிய கையெழுத்து வைக்காத எதையும் வாசிப்பதில்லை. இந்த ஒழுங்கை எனக்குப் படிப்பித்தவர்கள் பெரியவர்கள். இன்றைக்கும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தம்பி கேட்டது இந்த ஒழுங்குக்கு வெளியே இல்லை. ஆணையாளர் தந்த ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ஆணையாளர் தந்த இன்னோர் எண்ணை வைக்கச் சொன்னார். அதை மறுக்க எனக்கு எந்த விதியும் உதவாது. அப்படியும் ஒழுங்கின் பெயரைச் சொல்லித்தான் மறுத்தேன்.

பயம் என்று சொல்லிவிட்டால் லேசாகிவிடும். பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏனென்றால் அது ஜனவரி 8. பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை வேலைக்குப் போகும் வழியில் கொன்றது 2009 ஜனவரி 8. சரியாக ஆறு வருடம். ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனது 2010 ஜனவரி 24, அதற்கு முந்திய ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர். இந்தத் திகதிகள் மேசை நாட்காட்டியில் இருக்காது, எங்களுடைய முதுகுத்தண்டில் இருக்கும். 2006க்கும் 2009க்கும் இடையில் எத்தனையோ தாள்களை நான் இப்படி நனைத்திருக்கிறேன். தொலைபேசி எண் எழுதிய துண்டு, பெயர்ப் பட்டியல், வவுனியாவிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்லக் குறித்தது. கிழித்தால் ஒட்டலாம், நனைத்தால் ஒட்ட முடியாது என்று அந்த நாட்களில் ஒருவர் சொல்லித் தந்தார். அன்றிரவு என் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

அப்படியென்றால் யாருக்குப் பயந்தேன்? அன்றிரவு எனக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. மேலிருந்து எந்த அறிவுறுத்தலும் வரவில்லை. முகாமையாளர் பக்கத்து அறையில் கதிரைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார். எழுப்பிக் கேட்டிருந்தால், வாசியுங்கோ என்றுகூடச் சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். நான் எழுப்பவில்லை. ஒருவரும் தடுக்காத ஒன்றை நானே தடுத்தேன்.

பிற்பாடு, அன்றிரவு மகிந்த இருந்த அலரி மாளிகையில் என்ன பேசப்பட்டது என்று விசாரிக்கும்படி புதிய அரசின் அமைச்சர் மங்கள சமரவீர குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தார். வாக்கெண்ணலை நிறுத்தி ஆட்சியைத் தக்கவைக்க முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ராஜபக்ஷ தரப்பு மறுத்தது. அந்தச் செய்தியை எழுதியபோது எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது, பார்த்தாயா, நான் பயந்தது வீண் இல்லை என்று. வந்த ஆறுதலை உடனே வெறுத்தேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால், தெற்கிலும் அவர் இறங்கிவிட்டார் என்று மக்கள் காதில் முன்கூட்டியே விழுந்திருப்பதுதானே பாதுகாப்பு? இப்படி ஒரு பக்கம். இல்லை, அதுவே நெருப்பு வைத்திருக்கும் என்று மறுபக்கம். ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் வேறு பக்கத்தில் போய் முடிகிறது.

விடியப் போகும் நேரம் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. ரணில் அலரி மாளிகைக்குப் போனார், மகிந்த அங்கிருந்து வெளியேறினார். மைத்திரிபால சிறிசேனவின் வாழ்க்கைக் குறிப்பு ஒலிபரப்ப வேண்டும், எங்களிடம் இல்லை. மகிந்தவுக்கு நான் மூன்று நிமிடக் குறிப்பு இரண்டு நாளைக்கு முன்னரே பதிவுசெய்து வைத்திருந்தேன். தம்பி தன் கொப்பியைத் திறந்து என் முன்னால் வைத்தார். 1951 செப்டெம்பர் 3 பிறப்பு, கம்பஹா யாகொட. வளர்ந்தது பொலன்னறுவை. 1989 இல் முதன்முதலாகப் பாராளுமன்றம். சுதந்திரக் கட்சியின் பொதுச்செயலாளர், சுகாதார அமைச்சர். நவம்பர் 21 இல் எதிரணிக்கு வந்தது, அதற்கு முதல் நாள் இரவு மகிந்தவோடு முட்டை அப்பம் சாப்பிட்டதாகச் சொல்லப்பட்ட கதை வரைக்கும், அழகான கையெழுத்தில். எப்போது எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அறிவிப்பாளர் கொப்பியைப் பார்த்தே வாசித்தார்.

அன்று பின்னேரம் சுதந்திர சதுக்கத்தில் பதவியேற்பு. சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவர் நீதியரசர் கே. ஸ்ரீபவன். எங்கள் அறையில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சனிக்கிழமை காலை நேயர் நிகழ்ச்சிக்கு அட்டன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எடுத்தார். வழமையாக எடுப்பவர். “நாங்க அன்னிக்கு ராத்திரி பாதியிலேயே ரேடியோவ அமத்திட்டுப் படுத்துட்டோம்மா. தெக்குப் பக்கமெல்லாம் வெத்தில வெத்திலன்னு சொல்லவும், பழைய ஆளுதான்னு நெனச்சிட்டோம். காலைல கொழுந்துக்குப் போறப்பதான் தெரியும்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நுவரெலியா மாவட்டம் 63 வீதத்துக்கு மேல் அன்னத்துக்குப் போட்டது, அதில் அவருடையதும் இருந்திருக்கும். தன் வாக்கு வென்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் தோற்றுவிட்டோம் என்று நினைத்து நித்திரைக்குப் போனார். நாங்கள் வாசித்தது எல்லாம் சரியான எண்கள். அவரை அப்படி நினைக்க வைத்ததும் அந்தச் சரியான எண்கள்தான்.

அதைவிட என்னைச் சுட்டது மகிந்தவின் பேச்சு. தெற்கில் மெதமுலனவில் உள்ள தன் வீட்டுக்கு வந்த ஆதரவாளர்களிடம், ஈழத்து வாக்குகளால்தான் தோற்றேன் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த நாள் தேநீர் அறையில், மற்ற மொழிப் பிரிவின் நண்பர் ஒருவர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், “உங்கட ஆக்கள் செய்த வேலை” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் தம்பியின் மூன்றாவது நிரலில் இருந்தது. இறுதிக் கணக்கின்படி மாத்தறையில் 65 இலிருந்து 57க்கு, காலியில் 63 இலிருந்து 55க்கு இறங்கியிருந்தார். அங்கே எங்கட ஆக்கள் எத்தனை பேர்? சாய்ந்தது அவருடைய சொந்த வீடும்தான். அதைச் சொல்லும் தாளைத்தான் நான் கரைத்திருந்தேன்.

இங்கேயும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மொத்த வித்தியாசம் 449,072. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு மூன்றிலும் மைத்திரிக்குக் கிடைத்த முன்னிலையை மட்டும் கூட்டினாலே ஏறக்குறைய அந்தத் தொகை வந்துவிடும். எங்கள் வாக்கு இல்லாமல் அவர் வென்றிருக்க மாட்டார். ஆகவே நண்பர் சிரித்ததிலும் கணக்கு இருந்தது, தம்பியிடமும் கணக்கு இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து நேயர்களுக்குச் சொல்வதுதான் எனக்குத் தந்த வேலை. இந்த நாட்டில் ஒரே கணக்கைத் தெற்கு ஒரு மாதிரியும் வடக்கு ஒரு மாதிரியும் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நானும் அன்றிரவு ஒரு கை கொடுத்தேன் என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது. ஒரு பயிலுநரின் தாளுக்கு இவ்வளவு பாரம் ஏற்றுகிறேனோ என்றும் தோன்றுகிறது. நான் வாசிக்கச் சொல்லியிருந்தாலும், நடுச்சாமத்தில் யார் நின்று கேட்டிருப்பார்கள்?

தம்பி இப்போது வேறோர் இடத்தில் முடிவு மேசைக்குப் பொறுப்பு. 2024 செப்டெம்பர் 22, ஞாயிறு. அநுர குமார திசாநாயக்க 42 வீதத்தில் நின்றார். ஐந்து வருடத்துக்கு முன்னர் மூன்று வீதம் எடுத்தவர். யாரும் ஐம்பதைத் தாண்டாமல் இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணுவது நாட்டில் அதுதான் முதல் தடவை. நான் ஓய்வில் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்கவில்லை, அவருக்கு எடுத்தேன்.

“இங்க புதுசா வந்த பிள்ளை ஒண்டு கணக்கோட வந்து நிக்குது அக்கா, சஜித்தால இனி எட்ட ஏலாதாம். நான் சொன்னன், ஆணைக்குழு சொல்லட்டும், நாங்கள் சொல்லுவம் எண்டு. நீங்கள் சொல்லித் தந்ததுதானே.”

அநுரவுக்கும் இரண்டாவதாக நின்ற சஜித் பிரேமதாசவுக்கும் இடையில் பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. ஆனால் எண்ண வேண்டிய விருப்பு வாக்குகள் அதைவிட அதிகம். அன்று பொறுத்தது சரியான முடிவு. அதை அவரிடம் சொன்னேன். பிறகு கேட்டேன், அந்த இரவு நான் அவருடைய தாளைக் கிழித்தது நினைவிருக்கிறதா என்று.

“தாளோ?” யோசித்தார். “ஞாபகம் இல்லை அக்கா. விடிய நீங்கள் கடையில மாலுபாண் வாங்கித் தந்தது ஞாபகம் இருக்கு.”

என்னால் உடனே பேச முடியவில்லை. அவர் மறந்திருக்கலாம். எனக்காக மறந்ததாகச் சொல்லியிருக்கலாம். நான் பயத்தில் சொன்ன வசனத்தை ஒழுங்கென்று எடுத்து, பத்து வருடம் அதன்படி நன்றாக வேலை செய்திருக்கிறார். அது ஒழுங்கு இல்லை தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

“அந்தப் பிள்ளையின்ர கணக்கு எங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“மேசையிலதான் கிடக்கு அக்கா. ஏன்?”

ஒன்றுமில்லை என்றேன்.